கருமேகப் பேரேரி: இல்லாத ஒரு ஏரியோட பூகோளமும் வரலாறும்

எங்க செட்டு லீவு நாள்ல உக்காந்து, ஆளுக்கொரு கேரக்டரா கதை சொல்லி ஆடற டேபிள்டாப் கேமுக்கு நானே ஒரு உலகம் உண்டாக்கிக்கிட்டு இருக்கேன், அதுல நட்டநடுவுல இருக்கறது ஒரு ஏரி, பேரு கருமேகப் பேரேரி. கோட்டை, ராஜ்ஜியம், மந்திரவாதி எல்லாம் அப்புறமா வந்தது, வரைபடத்துல முதல் கோடு ஏரிக்கரைதான். நான் வளந்தது வாலாஜா பக்கம், எங்க ஊர்ல யார் வீட்டுக்காவது வழி கேட்டா ஏரிக்கு இந்தாண்டையா அந்தாண்டையான்னுதான் ஆரம்பிப்பாங்க, அதனால எனக்கு ஒரு உலகம்னா ஏரியிலதான் தொடங்கணும். ஆடறவங்க எல்லாரும் ஏரியோட முழு வரலாறையும் ஒரே இடத்துல எழுதி வைன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் இந்தப் பதிவு.

முதல்ல பூகோளம். நிறைய கற்பனை வரைபடத்துல நடுவுல ஒரு ஏரி இருக்கும், அதுலேர்ந்து நாலு பக்கமும் நாலு ஆறு கிளம்பி போகும், பாக்க அழகா இருக்கும் ஆனா தண்ணி அப்படி போகாது. ஏரிக்குள்ள எத்தன ஆறு வேணா வந்து விழலாம், வெளிய போறது பெரும்பாலும் ஒரே வழி, ஏன்னா கரையில எது தாழ்வான இடமோ அது வழியாதான் தண்ணி வழியும், வழிய வழிய அந்த இடம் அறுத்து இன்னும் தாழ்வாகும். வெளிய போக வழியே இல்லாத ஏரின்னா வெயில் தண்ணிய உறிஞ்சிட்டு உப்ப விட்டுட்டுப் போகும், ராஜஸ்தான்ல சாம்பர் ஏரி அப்படித்தான் உப்பு ஏரியா கிடக்கு. கருமேகத்துக்கு வழிஞ்சு போற வாய் ஒண்ணு, வடக்கு ஓரத்துல, பாறை மேல. அத பின்னாடி சொல்றேன்.

உள்ள வர்றது சாம்பலாறு. மேற்க ஒரு மேட்டுநிலத்துல, ஏழுதலை மலையில பொறந்து மூணு சீமையக் கடந்து வருது. இது அப்படியே நம்ம பாலாறுதான், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பாலாறு கர்நாடகாவுல நந்திமலையில கிளம்பி கோலார் வழியா 93 கிலோமீட்டர், ஆந்திராவுல குப்பம் பக்கம் 33 கிலோமீட்டர், அப்புறம் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம்னு தமிழ்நாட்டுல 222 கிலோமீட்டர் ஓடி வயலூர்ல கடல்ல சேருது. மொத்தம் 348. வருஷத்துல பாதி நாளுக்கு மேல மணல்தான் தெரியும், ஆனா அந்த மணலுக்கு அடியில தண்ணி நடந்துகிட்டே இருக்கும், அதனாலதான் அந்த காலத்துல ஆத்துக்குள்ளயே ஊற்றுக்கால் வெட்டி அந்த கசிவ வயலுக்கு கொண்டு போனாங்க. சாம்பலாறும் மேல காய்ஞ்சிருக்கும், கீழ ஓடும். கேம்ல இது ரொம்ப உதவுது, படை ஒண்ணு காஞ்ச ஆத்த தாண்டிடலாம்னு நெனச்சு இறங்கும், ஐப்பசி மழை மேட்டுநிலத்துல எப்ப பேஞ்சுதுன்னு கீழ இருக்கறவனுக்குத் தெரியாது.

அடுத்தது ஏரியோட உருவம். நிறைய பேரு ஏரின்னா வட்டமா, சுத்தியும் ஒரே ஆழமா வரையறாங்க. நம்ம ஏரி அப்படியா இருக்கு? நிலம் மேற்கேர்ந்து கிழக்க சரியுது, கிழக்க நீளமா பிறை மாதிரி ஒரு மண் கரை, ரெண்டு முனையும் குன்றுல போய் முட்டும், ஆழம் எல்லாம் கரையோரம், மேற்க போகப் போக முட்டியளவு, கணுக்காலளவு, அப்புறம் சேறு, அப்புறம் வேலமரக்காடு, எங்க ஏரி முடியுது எங்க பட்டா நிலம் ஆரம்பிக்குதுன்னு மழைக்கு மழை மாறிக்கிட்டே இருக்கும். அந்த மாறுற ஓரம்தான், உள்வாய்னு சொல்லுவாங்களே, என் உலகத்துல அதிகமா கதை நடக்கற இடம். கோடையில அங்க வெள்ளரி போடறவங்க, மாடு மேய்க்கறவங்க, ஓடி ஒளிஞ்சிருக்கறவங்க எல்லாரும் இருப்பாங்க, கார்த்திகையில ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

அளவுக்கு காவேரிப்பாக்கம் ஏரிய வெச்சுக்கிட்டேன். இப்ப ராணிப்பேட்டை மாவட்டம், 2019-க்கு முன்ன வேலூர் மாவட்டம், அதுக்கும் முன்ன வட ஆற்காடு. நிறைஞ்சா ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி பிடிக்கும், 10 மதகு, தமிழ்நாட்டுல உள்ள பெரிய ஏரிகள்ல அதுவும் ஒண்ணு. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரின்னு சொல்றாங்க, ஊருக்கே பழைய கல்வெட்டுல அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம்னு பேரு, அவனிநாராயணன் அவனோட பட்டம், அப்ப ஒன்பதாம் நூற்றாண்டு. வாலாஜா பக்கத்துல பாலாத்துக்கு குறுக்க 1850-கள்ல கட்டின அணைக்கட்டுலேர்ந்து இதுக்கு கால்வாய் வருது, அங்கிருந்தே மகேந்திரவாடிக்கும் தூசி மாமண்டூருக்கும் சக்கரமல்லூருக்கும் தனித்தனி கால்வாய் பிரியுது. இது நெறஞ்சு வழிஞ்சா அடுத்த ஏரி, அது நெறஞ்சா அதுக்கடுத்தது, இப்படியே சங்கிலியா கீழ போய்க்கிட்டே இருக்கும். கருமேகத்துக்கு கீழயும் அப்படி ஒரு சங்கிலி வெச்சிருக்கேன், ஒவ்வொரு சின்ன ஏரியும் ஒரு ஊரு, ஒவ்வொரு ஊருக்கும் மேல் ஊர் மேல ஒரு கோவம்.

இப்ப கடைவாசல், அதாவது முன்ன சொன்ன அந்த வழிஞ்சு போற வாய். போன மழைக்கு அப்புறம் எங்க பக்கத்து ஊர்ல ஒரு பழைய ஏரியோட கலங்கல, அதாவது மிச்சத் தண்ணி வழியற இடத்த, போய் பாத்துட்டு வந்தேன், வரையறதுக்காகவே. கருங்கல்லு பாவின ஒரு நீள மேடை, அது மேல முட்டி உயரத்துக்கு கல்லுங்க வரிசையா நட்டிருக்கு, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இருக்காது, தலை எல்லாம் தேஞ்சு வழவழன்னு, ரெண்டு மூணு இடுக்குல மட்டும் வைக்கோல் கலந்த களிமண்ணு காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துது. மழை முடியற சமயத்துல அந்த இடுக்க எல்லாம் மண்ணும் வைக்கோலும் வெச்சு அடைச்சா ஏரியில இன்னும் ரெண்டு அடி தண்ணி நிக்கும், கீழ ஏரித் தண்ணி பாயற ஆயக்கட்டு வயலுக்கு இன்னொரு போகத்துக்கே வழி, ஆனா அந்த ரெண்டு அடி தண்ணி உள்வாய்ல பயிர் வெச்சவன் நிலத்துல ஏறி நிக்கும், அதுவும் இல்லாம அடுத்த ஏரிக்கு போக வேண்டிய தண்ணி நின்னுடும். அங்க ஆடு மேய்ச்சுகிட்டு இருந்த ஒரு பெரியவரு சொன்னாரு: "ராத்திரில வந்து அடைச்சுட்டுப் போவானுங்கபா, விடியக்காத்தால இவனுங்க வந்து புடுங்கிப் போட்டுடுவானுங்க, இதுக்கே எம்மாந்தடவ அடிதடி ஆயிகீது தெரியுமா." எனக்கு ஒரு முழு சீசன் கதை அந்த ஒரு வரியிலயே கிடைச்சுது.

கருமேகத்தோட கடைவாசல்ல 99 கல்லு. ஒவ்வொண்ணும் ஒரு ஊரோட கல்லு, அந்த ஊர் ஆள் கை வெச்சாத்தான் அது அசையும். இதுதான் இந்த உலகத்துல ஏரி சம்பந்தமா இருக்கற பெரிய மந்திரம். இன்னொரு விதி, யாராலயும் மந்திரத்துல தண்ணிய உண்டாக்க முடியாது, இருக்கறத நகர்த்தலாம் அவ்ளோதான், ஒருத்தன் ஒரு குடம் வரவழைச்சா வேற எங்கயோ ஒரு குடம் குறையும். இந்த விதிய விட்டுட்டா ஏரிக்கு மதிப்பே இல்ல, வரலாறும் இல்ல.

மதகு யார் கையில? இங்க தான் முதலைங்க வர்றாங்க. வேலூர் கோட்டை அகழியில ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல முதலை விட்டிருந்தாங்கன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தவங்க நாம எல்லாம், அகழிக்கு தண்ணி சூரியகுண்டம்ங்கற ஏரியிலேர்ந்து நிலத்தடி கால்வாயில வந்ததாவும் படிச்சிருக்கேன், அந்த ரெண்டும் சேந்து மனசுல ஒட்டிக்கிச்சு. பழைய ஏரில தூம்பு எப்படி இருக்கும்னா, கரைக்கு உள்பக்கம் தண்ணிக்குள்ள ரெண்டு கல்தூண், நடுவுல குறுக்கு பலகைக் கல்லு, அதுல ஓட்டை, அது வழியா ஒரு நீளக் கழி கீழ இறங்கும், அடியில தரையில இருக்கற துளைய மரக்கட்டை ஒண்ணு அடைச்சிருக்கும். கழிய தூக்கினா தண்ணி கரைக்கு அடியில போற சுரங்க வாய்க்காலுக்கு போகும். கட்டை சிக்கிக்கிட்டா யாராவது முங்கி போய் எடுத்து விடணும், ஓடற தண்ணி ஆளையும் சேத்து இழுத்துடும், உயிருக்கே ஆபத்தான வேலை அது. நம்ம பக்கம் மதகு தெறக்கறது, வயலுக்கு வயல் முறை பாத்து பாய்ச்சறது எல்லாம் நீர்க்கட்டி வேலை. என் உலகத்துல முதலைங்கதான் நீர்க்கட்டி. அடியில போய் கட்டையப் புடுங்கறது அவங்க, கூலியா ஏரி மீன்ல பங்கு. கல்வெட்டுல பாசிப்பாட்டம்னு ஒண்ணு வரும், ஏரி மீன் குத்தகை வருமானம், அத ஏரி தூர் வாரவே ஒதுக்கி வெச்சிருக்காங்க பல ஊர்ல. முதலைங்க பங்கும் அதே கணக்குலதான் போகுது, மீன் தின்னுறவங்க வண்டல் அள்ளணும்.

இவங்கள மேய்க்க ஒரு வாரியம். உத்திரமேரூர் கல்வெட்ட அப்படியே எடுத்துக்கிட்டேன், 919-லயும் 921-லயும் முதலாம் பராந்தகன் காலத்துல எழுதினது, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரு, குடவோலையில எடுக்கணும், 35 வயசுக்கு மேல 70-க்குள்ள, ஒரு வருஷம்தான் பதவி, முன்னாடி பதவியில இருந்து கணக்கு காட்டாதவனும் அவனோட சொந்தக்காரங்களும் நிக்கவே முடியாது. அந்த கடைசி விதிய படிக்கறப்பல்லாம் எனக்கு புல்லரிக்கும், ஆயிரம் வருஷத்துக்கு முன்ன ஒரு ஊரு கோயில் சுவத்துல இத எழுதி வெச்சிருக்கு. ஆனா அந்த கல்வெட்டு சொல்ற ஆள் எல்லாரும் நிலம் உள்ளவங்க, வேதம் படிச்சவங்க. தண்ணிக்குள்ள இறங்கறவனுக்கு அந்தக் குடத்துல ஓலை கிடையாது. கருமேகத்துலயும் முதலைக்கு ஓலை கிடையாது, அந்த ஏரியோட வரலாறே அங்கதான் புகையுது.

வரலாறு. ஆதியில அங்க ஏரி இல்ல, மாடு மேய்க்கற சனங்க, ரெண்டு குன்றுக்கு நடுவுல மழைக்கு ஒதுங்கற ஒரு பள்ளம், குன்று அடிவாரத்துல மாட்ட மீட்டு செத்தவங்களுக்கு நடுகல்லு. அப்புறம் ஒரு ராணி வந்து கரை கட்டினா. குன்றுல ஒரு குகையக் குடைஞ்சு, நான் இந்த ஊரையும் கோயிலையும் ஏரியையும் என் பேர்ல எடுத்தேன்னு எழுதி வெச்சா. இது மகேந்திரவாடியிலேர்ந்து எடுத்தது. சோளிங்கர் போற வழியில தனியா ஒரு பாறை, அதுல முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்ச பெருமாள் கோயில், மகேந்திரபுரத்துல மகேந்திர தடாகத்துக் கரையில மகேந்திர விஷ்ணுகிருகம்னு கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டு தொடக்கம். தூசி மாமண்டூர்லயும் குன்றுல அவன் காலத்து குகை, கீழ ஏரி, அந்த ஏரிக்கு பழைய பேரு சித்திரமேகத் தடாகம். கருமேகம்ங்கற பேர நான் புடிச்சது அங்கேர்ந்துதான். ஒரு ராஜாவுக்கு கோயிலும் ஏரியும் ஒரே மூச்சுல சொல்ற விஷயமா இருந்திருக்கு பாருங்க, அதுல எனக்கு அவன் மேல ரொம்ப மரியாதை.

ராணிக்கு ஒரு கதையும் வேணும் இல்ல, வெறும் கல்வெட்டு போதாது. நம்ம படவேட்டுப் பக்கம் ஜவ்வாது மலையிலேர்ந்து வர்ற கமண்டல நாகநதி, ஜமதக்னி முனிவரோட கமண்டலத்துத் தண்ணிதான் ஆறா ஓடுதுன்னு சொல்லுவாங்க, ரேணுகா தேவி பச்சை மண்ணுல குடம் புடிச்சு தண்ணி கொண்டு வருவா, ஒரு நாள் தண்ணியில கந்தர்வன் நிழல் தெரிஞ்சுது, மனசு அசைஞ்சுது, குடம் கரைஞ்சுது, தலை போச்சு. அந்த தலைதான் வைகாசியில குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசா ஊர்வலம் வருது. கருமேகக் கரையிலயும் ஒரு பச்சைமண் குடம் இருக்கு, கரைக்குள்ள எங்கயோ புதைச்சிருக்கு, அது காயாத வரைக்கும் கரை உடையாதுன்னு நம்பிக்கை.

மூணாவது, போர். ஏரி இருக்கற இடத்துக்கு படை வந்தே தீரும், தண்ணியும் நெல்லும் அங்கதான் இருக்கு. வீராணம் ஏரி ராஜாதித்தன் பேரோட சேத்து சொல்றது எல்லாருக்கும் தெரியும், அந்த சோழ இளவரசன் செத்தது நம்ம தக்கோலத்துல, 949-ல, ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் படையோட நடந்த சண்டையில, யானை மேலயே உயிர் போச்சு, யானைமேல் துஞ்சிய தேவர்னு அவனுக்கு பேராயிடுச்சு. ஏரி வெட்டின பேரு ஒரு பக்கம், சாவு அரக்கோணத்துக்கு பக்கத்துல ஒரு வெளியில. காவேரிப்பாக்கத்துலயே 1752 பிப்ரவரியில கிளைவ் படைக்கும் பிரெஞ்சுக்காரங்க படைக்கும் சண்டை, மாந்தோப்புல பீரங்கிய மறைச்சு வெச்சு அடிச்சாங்க. கருமேகத்துலயும் ஒரு போர் வெச்சேன், ஆனா ஜெயிச்சவன் கரைய உடைக்கல, தோத்தவன் உடைச்சான். ஆத்திரத்துல உடைச்சுட்டு ஓடினான், கீழ இருக்கற சங்கிலியில பாதி ஏரி ஒரே ராத்திரியில போச்சு. அந்த ஊர்களுக்கு இன்னிக்கு வரைக்கும் ராஜ்ஜியம்ங்கற வார்த்தையே ஆகாது.

நாலாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். போருக்கு அப்புறம் ராஜ்ஜியம் ரெண்டாச்சு, அக்காவுக்கு மேல்சீமை, தங்கச்சிக்கு கீழ்சீமை. எல்லைக் கல்ல நட்டவங்க மலையப் பாத்து நட்டாங்க, ஆத்தப் பாக்கல. மேல்சீமை அவங்க ஊருக்கு தேவைன்னு ஒரு கரை கட்டுச்சு, அப்புறம் இன்னொண்ணு, கருமேகத்துக்கு வர்ற தண்ணி வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுது. 1911-ல சித்தூர் மாவட்டம் தனியா பிரியற வரைக்கும் வட ஆற்காட்டுக்கு தலைநகரமே சித்தூர்தான், ஒரே கலெக்டர், ஒரே ஜில்லா. இப்ப அது வேற மாநிலம், பாலாத்துல அந்த 33 கிலோமீட்டருக்குள்ள இருபதுக்கும் மேல தடுப்பணை, 2016-ல புல்லூர்ல 5 அடி இருந்தத 12 அடியா ஏத்தினாங்க, வாணியம்பாடிப் பக்கம் சனம் கொதிச்சுப் போச்சு. அங்க இருக்கற விவசாயிக்கும் தாகம் இருக்கு, அத நான் இல்லன்னு சொல்லல, மேல்சீமையையும் கெட்டவங்களா நான் எழுதல. மேல இருக்கறவனுக்கு கீழ இருக்கறவன் கண்ணுக்குத் தெரியாம போயிடறதுதான் பிரச்சனை.

கீழ்சீமையும் சுத்தம் கிடையாது. ஏரி காய்ஞ்ச காலத்துல சாயப்பட்டறைங்க வந்து கரையோரம் உக்காந்துச்சு, கிணறு எல்லாம் நிறம் மாறுச்சு. தோல் தொழில் நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு சோறு போட்டுது, பாலாத்த கெடுத்ததும் அதோட கழிவுதான், 1996-ல உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்குல கெடுத்தவனே செலவு பண்ணி சரி பண்ணணும்னு சொன்ன தீர்ப்ப இன்னிக்கும் நாடு பூரா சட்டம் படிக்கறவங்க படிக்கறாங்க. கேம்ல அந்த தீர்ப்ப வாரியம் சொல்லுது, தண்டனை, பட்டறைக்காரன் பத்து வருஷம் முதலைங்களோட சேந்து வண்டல் அள்ளணும்.

அஞ்சாவது வெள்ளம். மேல்சீமை கரைங்க ஒரே ராத்திரியில ஒண்ணுக்குப் பின்ன ஒண்ணு உடைஞ்சு இறங்கிச்சு. 1903 நவம்பர்ல கோலார் பக்கம் ஏரிங்க உடைஞ்சு வாணியம்பாடிய பாலாறு அடிச்சுக்கிட்டுப் போனது நிஜம், நூத்துக்கணக்குல சனம் செத்துது. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினத நான் அணைக்கட்டு மேலேர்ந்து பாத்தேன், அந்த சத்தம் வயித்துக்குள்ள கேக்கும், அன்னிக்கு ஊரே கற்பூரம் ஏத்தி கும்பிட்டுச்சு, பயமும் சந்தோஷமும் ஒண்ணா இருந்துது. எங்க ஏரி நெறஞ்சு வழிஞ்சு கோடி போன அன்னிக்கு ஆடு வெட்டி பொங்க வெச்சாங்க. கருமேகமும் வெள்ளத்துல நெறஞ்சுது, ஆனா 99 கல்லுல 40 கல்லு அடிச்சுக்கிட்டுப் போச்சு, அந்த 40 ஊருக்கும் இப்ப கடைவாசல்ல கை வெக்க உரிமை இல்ல.

ஆட்டம் இப்ப நிக்கற இடம் இதுதான். எங்க செட்டுல ஒரு அக்கா குடியாத்தத்துல டீச்சர், அவங்க கேரக்டர் கீழ்சீமை தூதரா மேல்சீமைக்கு போறாங்க, அவங்க கையில குடுக்க ஒரு ஒப்பந்தம் நான் எழுதணும். 1892-ல சென்னை மாகாணமும் மைசூரும் போட்டுக்கிட்ட ஒப்பந்தத்த முன்மாதிரியா வெச்சிருக்கேன், அதுல பாலாறும் உண்டு: மேல இருக்கறவன் புதுசா அணை கட்டணும்னா விவரத்த முன்னாடியே அனுப்பி சம்மதம் வாங்கணும், கீழ இருக்கறவன் சும்மா மறுக்க முடியாது, ஏற்கெனவே அனுபவிக்கற உரிமை பாதிக்கும்னா மட்டும்தான் மறுக்கலாம். ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை இருக்கற வாக்கியம் அது. நான் இன்னும் மூணு சேக்கறேன். அடிச்சுக்கிட்டுப் போன 40 கல்லையும் ரெண்டு சீமையும் பாதிப் பாதி செலவுல திருப்பி நடணும். மழை நாள்ல மேல்சீமை கரையில தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு ராத்திரிக்கு ராத்திரி கீழ சேதி வரணும். வாரியத்துக் குடத்துல முதலைக்கும் ஓலை போடணும். மூணாவதுக்கு செட்டு ரெண்டா பிரிஞ்சு கிடக்கு, "முதலைக்கு எதுக்கு அண்ணா ஓட்டு, அது பாட்டுக்கு மீனத் தின்னுட்டு கிடக்கட்டும்"னு தம்பி ஒருத்தன் விடாம சண்டை போடறான். ஏரி அடியில எவ்ளோ வண்டல் சேந்திருக்குன்னு பாத்தது அவங்க மட்டும்தான், அதனால நான் அத எடுக்கப் போறதில்ல, தம்பி மாத்தணும்னா ஆட்டத்துல வாரியத்துக்கு முன்னாடி வந்து பேசட்டும்.